பச்சைக் காரின் ஊளை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போனது. நிறுத்திவிட்டேன். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நாங்கள் நலமா என்பது இந்தக் கடிதத்தை எழுதி முடித்தால்தான் எனக்கே தெரியும். உடம்பு தேறிவிட்டதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மாப்பிள்ளை உன்னோடு வீட்டில் இருக்கிறாரா, இல்லை அதற்குள் வேலைக்குத் திரும்பிவிட்டாரா? நீ அனுப்புகிற "ம்", "சரி", "பாக்கலாம்" இவற்றை வைத்துக்கொண்டு என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மெசேஜில் எழுதாமல் இந்தக் காலத்தில் காகிதம் எதற்கு என்று நினைப்பாய். அப்பாவின் போன் காருக்கு அடியில் நசுங்கிப் போனதிலிருந்து உதிரி பாகக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் என் நம்பர்தான். பாதி நாள் என் போன் பட்டறையில் கிடக்கிறது. நான் எழுதப் போவது அவர் கண்ணில் படக்கூடாது. இன்னொன்று, இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் அழுவேன், நீ வைத்துவிடுவாய்.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை தங்கவில்லை என்று சொல்ல நீ போன் செய்த அன்று நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாதான் எடுத்தார். நீ சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு "ரொம்ப சந்தோஷம்மா, உடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் நீ என்னிடம் அழுதுகொண்டே அதைச் சொன்னாய். "இனிமே அப்பாகிட்ட போனைக் குடுக்காத, இதப் பத்தி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காத" என்றாய். நானும் கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. எனக்கும் அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம். பெற்ற மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இந்த மனுஷன் சந்தோஷம் என்கிறாரே, இவரோடு பேசவே கூடாது என்று சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவேன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார். நீ பேசினாயா என்று கேட்பார். பேசினாள், அவசரமாக வைத்துவிட்டாள் என்பேன்.

இப்போது ஒரு காரைப் பற்றி எழுதப் போகிறேன். நான் இருக்கிற நிலையில் அம்மா கார் கதை சொல்கிறாளே என்று மடித்து வைத்துவிடாதே. காரில்தான் விஷயம் இருக்கிறது.

கடைத்தெருப் பல் டாக்டரை உனக்கு நினைவிருக்கும். உன் கடைவாய்ப் பல்லை எடுத்தவர், நீகூட அவர் விரலைக் கடித்துவிட்டாய். அவர் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார். கரும்பச்சை நிறம், துணிக் கூரை, இரண்டே பேர் உட்காரலாம். வயதில் என்னைவிட மூத்தது, ஆனால் என்னைவிட நன்றாக வைத்திருக்கிறார்கள். அதில் ஏறி உட்கார முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் லாரிச் சக்கரம் நம் காதுக்கு நேராக வரும். மனைவியைக் கூட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஒரு சுற்று போய்வர வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. வண்டியின் பின்னாலிருந்து ஒரு சத்தம் வருகிறது, அதைச் சரிசெய்தால் கிளம்பிவிடுவேன் என்று அப்பாவிடம் கொண்டுவந்து விட்டார்.

அப்பா ஓட்டிப் பார்த்தார். அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் இருக்கிறது, சக்கரத்து பேரிங் போய்விட்டது என்று சொன்னார். மாற்றினார். உண்மையிலேயே அந்த பேரிங் தேய்ந்துதான் இருந்தது. வண்டியைத் துடைத்துக் கொடுத்தனுப்பினார். மறுநாளே டாக்டர் திரும்பி வந்தார், சத்தம் அப்படியே இருக்கிறது என்றார். உன் அப்பாவின் கையிலிருந்து போன வண்டி அதே குறையோடு திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது உன் அப்பாவின் குரல்தான் தெருமுனையிலேயே கேட்டது. "இல்லாத சத்தத்துக்கு நான் எங்க டாக்டர் போறது" என்று கத்துகிறார். வாடிக்கையாளரிடம் அவர் குரலை உயர்த்தியதும் எனக்கு ஞாபகமில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. கேட்டருகே என்னிடம் வந்து மெதுவாக ஒன்று சொன்னார். தன்னிடம் வருகிறவர்களில் சிலர், தான் முகமூடி போட்டுக்கொண்டு கேட்டால் எதற்கும் தலையாட்டுவார்களாம். முகமூடியை இறக்கிவிட்டுக் கேட்டால் சரியான பதில் சொல்வார்களாம். "போன தடவை பல்லு காட்ட வந்தப்ப சாரும் அப்படித்தாம்மா இருந்தாரு. வலிக்குதான்னு கேட்டா, ஆமா வெயில் ஜாஸ்திதான்னாரு. நீங்க ஒரு தடவை வண்டியில வந்து கேளுங்களேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நம்பவில்லை. டிவியை அவர் அலறவிடுவது, குக்கர் விசிலுக்கு எழுந்திருக்காதது, நான் கூப்பிட்டால் திரும்பாதது, எல்லாம் இருக்கத்தான் செய்தது. ஆனால் எந்தப் புருஷனுக்குப் பெண்டாட்டி கூப்பிடுவது காதில் விழுகிறது, சொல். கல்யாணமான நாளிலிருந்தே நான் சொல்வது அவர் காதில் ஏறியதில்லை, அதனால் எனக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

டாக்டர் போனதும், நானும் வருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். உனக்கென்ன தெரியும் என்றார். தையல் மெஷினில் ஒரு பல் சக்கரம் காய்ந்தால் பக்கத்து அறையிலிருந்து எனக்குத் தெரியும், இதுவும் மெஷின்தானே என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். கோடவுன்களுக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத அந்த நீளச் சாலைக்குப் போனோம். வேகம் எடுத்ததும் பின்னாலிருந்து ஒரு ஊளை கிளம்பியது பார், கொசு ஒன்று காதுக்குள் புகுந்து வளர்ந்துகொண்டே போகிற மாதிரி. பல்லெல்லாம் கூசியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், சட்டென்று நின்றது. மறுபடி மிதித்தார், மறுபடி வந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பேச்சில்லாத அறையில் உட்கார்ந்திருப்பவர் போல அமைதியாக ஓட்டிக்கொண்டிருந்தார். "எங்கயாச்சும் கேக்குதா பாரு, எல்லாம் அந்தாளோட மனப்பிராந்தி" என்றார்.

கேட்கிறது என்றேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் பதில் சொன்னதே அவருக்குத் தெரியவில்லை. தோளைத் தட்டினேன். திரும்பினார். கேட்கிறது என்று தலையை ஆட்டினேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு எங்காவது இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

அப்புறம் மெக்கானிக்காக மாறிவிட்டார். சத்தம் எப்படி இருக்கிறது, வாயால் செய்து காட்டு என்றார். நடுச்சாலையில் உன் அம்மா ஊஊ என்று ஊளையிட்டதை நீ பார்த்திருக்க வேண்டும். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கிளம்பினோம். சத்தம் வரும்போது என் கையை அவர் முழங்காலில் வைக்க வேண்டும், நின்றதும் எடுக்க வேண்டும். இடப்பக்கம் வளைத்தார், வலப்பக்கம் வளைத்தார், கியரை மாற்றினார், மிதித்தார், விட்டார். வளைவில் சத்தம் மாறவில்லை, மிதிக்கும்போது மட்டும்தான் வருகிறது, கியர் எதுவானாலும் வேகத்தோடு கூடுகிறது. "அப்ப சக்கரம் இல்ல, கியர்பாக்ஸும் இல்ல. கிரவுன் பினியன். டிஃபரன்ஷியலப் பிரிக்கணும்" என்றார். காது என்னுடையது, கண்டுபிடித்தது அவர். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான், வீட்டுக்குத் திரும்பும் வழியில், "வாண்டு குழந்தையோட வர்றப்ப இந்த மாதிரி வேலையெல்லாம் ஒத்துக்கக் கூடாது, ஒரு மாசம் பட்டறைய மூடிடணும்" என்றார். அவருக்கு நீ இன்னும் வாண்டுதானே.

அவருக்குத் தெரியாது, கண்ணு. நீ அன்று சொன்னது அவருக்குக் கேட்கவே இல்லை. அவர் போனை எடுத்ததால் அவருக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். அவருக்குத் தெரியும் என்று நினைத்து நானும் வாயைத் திறக்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தாத்தா ஆகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நாம் இரண்டு பேரும் கல்நெஞ்சுக்காரர் என்று முடிவுகட்டியிருந்த மனுஷன் இவர்தான்.

நான் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடக்கிறேன். ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடப்பக்கத்துக் கையாகவே வெட்டிவிட்டேன். அவர் காதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறார், உன்னிடமும்தான். இதோ எழுதிவிட்டேன். அவர்மேல் கோபத்தை வைத்துக்கொண்டு நீ அங்கே தனியாகப் புழுங்குவதைவிட நான் வாக்குத் தவறினவளாக இருக்கலாம்.

நன்றாகச் சாப்பிடு. கனமான எதையும் தூக்காதே. உனக்கு எல்லாம் நல்லபடியாக அமையும்.

உன் அம்மா

*

என் கண்ணே,

உன் பதில் வந்தது. நீ எழுதியிருந்த இரண்டு வரியையும் தையல் மெஷின் டிராயரில் வைத்துக்கொண்டு எடுத்து எடுத்துப் படித்தேன். அப்பாமேல் கோபம் போய்விட்டது என்று முதல் வரியில் எழுதியதற்கு நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். அவரிடம் சொல்லாதே, தாங்கமாட்டார் என்ற இரண்டாவது வரியைப் படித்ததிலிருந்து மறுபடி எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டு என்னைத் திட்டு.

நான் அந்தக் கடிதத்தை எழுதிய மறுநாளே அப்பா வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டார். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புக் கூண்டு இருக்கிறது, டிஃபரன்ஷியல் என்பது அதுதான், அதற்குள்தான் இந்தச் சத்தத்தின் வீடு. எஞ்சினிலிருந்து வருகிற தண்டின் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம், அது பினியன். அது தட்டு மாதிரி இருக்கிற பெரிய பல்சக்கரத்தைக் கடித்துச் சுற்றும், அது கிரவுன். அடியில் திருகைக் கழற்றியதும் எண்ணெய் வந்தது. அதை அவர் வெயிலில் பிடித்துக் காட்டினார், உள்ளே ஜிகினாத் தூள் போல மினுமினுத்தது. இரும்பு தேய்ந்து வந்த தூளாம். கூண்டைத் திறந்து, உள்ளே பேரிங்கை இறுக்கியிருக்கிற மூடிகளைக் கழற்றுமுன் அவற்றில் உளியால் இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு புள்ளி என்று தட்டினார். அவை இடம் மாறிவிட்டால் எல்லாம் கெட்டதாம். பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, விரலெல்லாம் பழையபடி வேலை செய்கிறது என்று தோன்றியது.

பினியனைப் பிடித்திருந்த பேரிங்தான் குற்றவாளி. உள்ளே அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் இறுகிப் பிடித்திருக்கும், மலை இறக்கத்தில் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டிருக்கும் என்றார். டாக்டர் மனைவி எனக்குத் தெரிந்தவர், தைக்கக் கொடுப்பவர்.

புது பேரிங் வந்தது. பினியன் எவ்வளவு உள்ளே உட்கார வேண்டும் என்பதற்கு அதன் கீழே மெல்லிசான ஒரு தகட்டு வளையம் வைப்பார்கள், ஷிம் என்பார்கள். வழக்கமாக உன் அப்பா என்ன செய்வார் தெரியுமா? பழைய வண்டியென்றால் பழைய ஷிம்மையே போட்டு, ஓட்டி, காதால் கேட்டு முடிவு செய்வார். இந்தத் தடவை கம்பெனிப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதில் இருந்த அளவுக்குப் புது ஷிம் வாங்கிப் போட்டார். காதை நம்ப முடியாததால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார். அன்று அது எனக்குப் புரியவில்லை.

பினியனின் இறுக்கத்தைப் பார்க்க என் தடித்த நூலைக் கேட்டார். அதை முனையில் சுற்றி, கையால் தூக்குகிற சின்னத் தராசில் மாட்டி இழுத்தார். எவ்வளவு இழுத்தால் சுற்ற ஆரம்பிக்கிறது என்பதுதான் கணக்காம். பிறகு கிரவுன் பற்களில் மஞ்சள் பசையைத் தடவிக் கையால் சுற்றினார். சின்னப் பல் பெரிய பல்லை எங்கே தொடுகிறதோ அங்கே பசை விலகி அடையாளம் விழும். அந்த நேரம் டாக்டர் எட்டிப் பார்த்தார். ஒரே சிரிப்பு அவருக்கு. "நான் பல்லு கட்டினதும் நீலக் காகிதத்தக் கடிக்கச் சொல்லுவேனே, அதேதான் சார் இது. உங்களுக்கும் எனக்கும் ஒரே தொழில்" என்றார். அப்பாவின் முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அப்பா சிரித்தார். வெகுநாளுக்குப் பிறகு சிரித்தார். அடையாளம் பல்லின் நடுவிலேயே அழகாக விழுந்திருந்தது.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அதே கோடவுன் சாலைக்குப் போனோம். மிதித்தார், சத்தமே இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது. காலை எடுத்தார். கண்ணு, அப்போது வந்தது ஒரு ஊளை. முன்பு மிதித்தால் வந்தது, இப்போது விட்டால் வருகிறது. அவர் என் பக்கம் திரும்பி, பரீட்சை முடிவைப் பார்க்கிற பிள்ளை மாதிரி என் வாயையே பார்த்தார். என் கை அவர் முழங்காலுக்குப் போகவில்லை. "சுத்தமா போயிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறெதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காது போனது போதாதா, கையும் போய்விட்டது என்று நான் எப்படிச் சொல்வேன்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் ஏதோ பாட்டை முனகினார். எனக்கு முள்ளின்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அடுத்த நாள் காலை டாக்டர் வண்டியை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதற்கு மறுநாள் மலைக்குக் கிளம்புகிறார்கள். டாக்டர் மனைவியின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன், ஊசி விரலில் ஏறிவிட்டது. அந்தம்மா இதைப் போட்டுக்கொண்டு அந்த வண்டியில் உட்காருவாளே என்று நினைத்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

காலையில் அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன். நேற்று பொய் சொன்னேன், காலை எடுக்கும்போது ஊளையிடுகிறது என்றேன். அவர் துணியைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "காது போனா போகட்டும், எனக்கு நீ இருக்க. நீயும் பொய் சொன்னா நான் முழுச் செவிடுதான" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அறைந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

பிறகு, "வேற என்னெல்லாம் எங்கிட்ட சொல்லாம வச்சிருக்க?" என்று கேட்டார்.

அவர் சும்மா கேட்டிருக்கலாம், கோபத்தில் கேட்டிருக்கலாம். டாக்டர் என்னிடம் ஏதாவது சொன்னாரா என்று நினைத்துக் கேட்டிருக்கலாம். நீ சொல்லாதே என்று எழுதியது அதற்குள் வந்து டிராயரில் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒன்றுமில்லை என்று இன்னொரு முறை சொல்ல என்னால் ஆகவில்லை. அவரைக் காருக்குப் பக்கத்தில் இருந்த மரப்பெட்டியில் உட்காரவைத்தேன். முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். குழந்தை தங்கவில்லை என்பதைச் சொன்னேன். நீ அன்று போனில் சொன்னது அதுதான் என்பதையும் சொன்னேன். அவர் என்ன பதில் சொன்னார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அவரே கேட்டார். "நான் என்ன சொன்னேன் அன்னைக்கி?" என்றார். அதையும் சொன்னேன்.

எழுந்து காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. ஸ்பேனர் சத்தம் கேட்குமா என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. டாக்டர் வந்தார். நான் கேட்டிலேயே அவரை நிறுத்தி, வண்டி இன்னும் சரியாகவில்லை, பயணத்தைத் தள்ளிவையுங்கள் என்றேன். அவர் அந்தக் கால்களைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். மலை எங்கும் ஓடிவிடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷன்.

மத்தியானம்வரை அவர் வெளியே வரவில்லை. வந்ததும் கையைக் கழுவாமலே கூண்டை மறுபடி பிரித்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. அந்தப் பழைய ஷிம்மைக் குப்பை டப்பாவில் தேடி எடுத்துத் துடைத்தார். அப்புறம்தான் என்னிடம் பேசினார், அதுவும் காரைப் பற்றி. இந்த இரண்டு சக்கரமும் பல வருஷம் அந்தப் பழைய இடத்திலேயே ஒன்றையொன்று தேய்த்துப் பழகிவிட்டன, புத்தகம் சொல்கிற இடத்துக்கு நகர்த்தினால் கத்தத்தான் செய்யும், இது எனக்குத் தெரியாத விஷயமா, தெரிந்துதான் தப்புச் செய்தேன் என்றார். பினியனில் ஒரு குழாய்த் துண்டு உண்டு. இறுக்கும்போது அது ஒரு தடவைதான் நசுங்கும், கழற்றினால் புதிது போட வேண்டும். அது வந்து சேரும்வரை அவருக்குப் பொழுது போகவில்லை. பட்டறையைப் பெருக்கினார், பெருக்கிய இடத்தையே பெருக்கினார். திடீரென்று வந்து என் எதிரில் நின்று, அவள் அழுதாளா என்பார். ஆமாம் என்பேன். போய்விடுவார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, அன்று மாப்பிள்ளை கூட இருந்தாரா என்பார். இருந்தார் என்பேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொன்னேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

பழைய ஷிம்மைப் போட்டு மூடியாயிற்று. நேற்று மறுபடி போனோம். மிதித்தால் சத்தமில்லை. விட்டாலும் அந்த ஊளை இல்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில், விடும்போது மட்டும், சளி பிடித்தவர் மூச்சு மாதிரி மெல்லிசாக ஒன்று இருக்கிறது. கையை முழங்காலில் வைத்தேன். எவ்வளவு என்று கேட்டார். கொஞ்சூண்டு என்று விரலால் காட்டினேன். மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் அதே அளவைக் காட்டினேன். அது வண்டியின் வயது, அதனால் ஆபத்தில்லை, டாக்டரிடம் உள்ளபடி சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றார். இன்று காலை அப்படியே சொல்லிக் கொடுத்தார். டாக்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, தன் மனைவியின் குறட்டைக்கு இது எவ்வளவோ தேவலாம் என்றார். தனக்குத் தெரிந்த காது டாக்டர் ஒருவரின் முகவரியை அப்பாவின் சட்டைப் பையில் அவரே வைத்துவிட்டும் போனார். உன் அப்பா அதை எடுத்து எறியவில்லை. போவாரா என்று எனக்குத் தெரியாது. நான் நச்சரிப்பேன், அது உனக்குத் தெரியும்.

நீ சொல்லாதே என்று சொன்னதை மீறிவிட்டேன். தாங்கமாட்டார் என்று எழுதினாய். தாங்கவில்லைதான். ஆனால் இப்போது நாம் மூன்று பேரும் ஒரே விஷயத்துக்கு அழுகிறோம். முன்பு நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவர் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டு. அதற்கு இது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்கு அப்படித் தோன்றாவிட்டால் என்னைத் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நிற்கிறார். காகிதத்தில் கொஞ்சம் இடம் விடு என்கிறார். கையில் கிரீஸ் இருக்கிறது, கழுவிவிட்டு வாருங்கள் என்றேன். கேட்டதோ கேட்கவில்லையோ, பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். அழுக்குப் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணே.

அம்மா

வாண்டு,

நீ அன்றைக்குச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நான் சொன்னது மட்டும் உனக்குக் கேட்டுவிட்டது. குழந்தை என்பதும் டாக்டர் என்பதும் காதில் விழுந்தன. மீதியை நானே நல்லபடியாக நினைத்துக்கொண்டேன். கொஞ்ச காலமாக எல்லாரிடமும் அப்படித்தான் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடமும் அதைச் செய்துவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உடனே பரவாயில்லைப்பா என்று எழுதுவாய். அது எனக்கு வேண்டாம். அன்றைக்கு என்னிடம் சொன்னதை முதலிலிருந்து எழுது. எப்போது வலி வந்தது, ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போனார்கள், அங்கே என்ன சொன்னார்கள், வீட்டுக்கு வந்து நீ எங்கே படுத்திருந்தாய், எங்களுக்குப் போன் செய்யலாம் என்று எப்போது நினைத்தாய், எல்லாம் எழுது. எத்தனை பக்கம் வந்தாலும் சரி. அம்மாவைப் படிக்கச் சொல்லமாட்டேன், நானே படிக்கிறேன். இந்தத் தடவை என்ன பதில் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்கிறேன்.

நன்றாக இரு, அம்மாடி.

அப்பா